30 ஆண்டுக் கதவடைப்பு: வான்லி பேரரசரும் மிங் வம்சத்தின் சரிவும்

1644 ஏப்ரலில் லீ ஸிசெங்கின் கிளர்ச்சிப் படை பெய்ஜிங்குக்குள் நுழைந்தது. மிங் வம்சத்தின் பேரரசர் சோங்ஜென் அரண்மனைக்குப் பின்னால் இருந்த குன்றில் தூக்கு மாட்டிக்கொண்டு உயிரை விட்டார். அடுத்து வந்த சிங் ஆட்சியில் மிங் வரலாற்றைத் தொகுத்தவர்கள் முழுப் பழியையும் அவர் தலையில் கட்டவில்லை. மிங் வீழ்ந்தது உண்மையில் அவருடைய தாத்தா வான்லியின் காலத்தில்தான் என்று பலர் சொல்வதைக் குறிப்பிட்டு, அது சரிதானே என்ற தொனியில் முடித்தார்கள். வான்லி இறந்தது 1620இல். 24 வருஷத்துக்கு முன்பே மண்ணுக்குள் போனவர் மேல் ஏன் இவ்வளவு பெரிய குற்றச்சாட்டு?

48 ஆண்டு ஆண்டவர் அவர், மிங் பேரரசர்களில் அதிக காலம். கொடுங்கோலன் என்று சொல்ல முடியாது, மூளை இல்லாதவரும் அல்ல. சோம்பேறி என்று பலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது போதவில்லை. அவரிடம் இருந்த குறைகள் இரண்டு: கோபத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பது, அப்புறம் பணத்தை இறுக்கிப் பிடிப்பது. நம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இந்த இரண்டும் இருந்தால் குடும்பம் கஷ்டப்படும், அந்த வாசலோடு போகும். வான்லி கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு மாவட்டத்துக்கு ஆட்சியர் கிடையாது, ஒரு கைதிக்கு விசாரணை கிடையாது, எல்லைப் படைக்குச் சம்பளம் கிடையாது. வித்தியாசம் அங்கேதான்.

சிவப்பு மை

அந்த அரசு எப்படி நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம், அது தெரியாவிட்டால் மீதிக் கதை பிடிபடாது. மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூ 1380இல் தன் முதலமைச்சரைச் சதிக் குற்றம் சாட்டிக் கொன்றுவிட்டு அந்தப் பதவியையே ஒழித்தார், இனி அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவனுக்குக் கடும் தண்டனை என்றும் எழுதிவைத்தார். அன்றிலிருந்து ஆறு அமைச்சகங்களும் நேரே பேரரசருக்குக் கீழே. ஒரே ஆள் அத்தனை மனுவையும் படித்து முடிக்க முடியாது என்பதால் காலப்போக்கில் பெருஞ்செயலகம் என்று ஒன்று முளைத்தது. மாகாணத்திலிருந்தோ அமைச்சகத்திலிருந்தோ மனு வந்தால், பெருஞ்செயலர்கள் அதற்கு என்ன பதில் தரலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே ஒட்டி அரண்மனைக்குள் அனுப்புவார்கள். பேரரசர் ஒப்புக்கொண்டால் சிவப்பு மையில் எழுத வேண்டும், அல்லது அவர் சொல்லி, விதை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களான அண்ணகர்கள் எழுதுவார்கள். சிவப்பு மை விழுந்தால்தான் அது ஆணை.

பேரரசர் மறுத்து எழுதினாலாவது எதிர்த்து வாதாட ஒரு பிடி கிடைக்கும். எதுவுமே எழுதாமல் உள்ளேயே வைத்துக்கொண்டால்? அதற்கு அந்த அமைப்பில் பதிலே இல்லை. பெருஞ்செயலர் தன் பொறுப்பில் ஆணை போட முடியாது, நினைவூட்டி இன்னொரு மனு எழுதலாம், அதுவும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். வான்லி கையில் எடுத்த ஆயுதம் இதுதான். யாரையும் கொல்லாமல், ஒரு குரல்கூட உயர்த்தாமல், ஒரு பேரரசையே நிறுத்திவைக்கக்கூடிய ஆயுதம்.

ஆசிரியரும் மாணவனும்

1572இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு 9 வயதுகூட நிறையவில்லை. ஆட்சியை நடத்தியவர்கள் மூன்று பேர்: தாய் லீ, தலைமை அண்ணகர் ஃபெங் பாவ், தலைமைப் பெருஞ்செயலர் ஜாங் ஜூஜெங். ஜாங் ஜூஜெங் அசாத்தியமான நிர்வாகி. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வேலையையும் கெடு தேதியையும் எழுதிய பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து, முடிக்காதவர்களைப் பிடித்து உலுக்கினார். நாடு முழுக்க நிலத்தை அளக்கவைத்தார். பல வரிகளைச் சேர்த்து வெள்ளியில் ஒரே கட்டணமாக வாங்கும் முறையை 1581 வாக்கில் பரவலாக்கினார். அவர் சாகும்போது பெய்ஜிங் களஞ்சியத்தில் 10 வருஷத்துக்குப் போதுமான தானியம் இருந்தது, ஒரு சேமிப்புக் கணக்கில் மட்டும் 40 லட்சம் லியாங் வெள்ளி. ஒரு லியாங் என்றால் சுமார் 37 கிராம்.

ஆனால் அவரிடம் வளர்ந்த பையனின் நிலைமை வேறு. வான்லிக்கு எழுத்துக்கலையில் நல்ல கை இருந்தது; அது ஒரு அரசனுக்குத் தேவையில்லாத வேலை என்று ஜாங் அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டார். விளக்குத் திருவிழா அலங்காரம் வீண்செலவு என்றார். 1580இல், 17 வயதில், வான்லி ஒரு ராத்திரி குடித்துவிட்டுப் பணியாள் ஒருவரைப் புதுப் பாட்டு ஒன்று பாடச் சொல்லியிருக்கிறார். தெரியாது என்று அவர் சொல்ல, வாளை உருவிவிட்டார். சுற்றி இருந்தவர்கள் கெஞ்சித் தடுக்க, தலைக்குப் பதிலாக முடியை வெட்டிவிட்டு விட்டார். மறுநாள் தாய் அவரை முழங்காலிடவைத்து ஒவ்வொரு தப்பாகச் சொல்லிக் கண்டித்தார், உன்னை இறக்கிவிட்டுத் தம்பியை உட்காரவைப்பேன் என்று மிரட்டியதாகவும் சொல்வார்கள். பேரரசர் அழுது மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். "நான் தவறு செய்தேன்" என்று பேரரசரே நாட்டுக்கு அறிவிக்கும் ஆணையை ஜாங் எழுதினார், அதன் கீழே வான்லியின் பெயர் போனது. கல்யாணமான 17 வயது இளைஞனுக்கு இந்த அவமானம் எப்படி இருந்திருக்கும்?

1582இல் ஜாங் ஜூஜெங் இறந்தார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சிக்கனம் பேசிய ஆசிரியர் சொத்து சேர்த்திருந்தார், அவருடைய மகன்கள் தேர்வில் முதலிடங்களைப் பிடித்திருந்தார்கள். வான்லிக்கு இது தாங்கவில்லை என்று நினைக்கிறேன். ஜாங்கின் பட்டங்கள் பறிக்கப்பட்டன, 1584இல் ஜியாங்லிங்கில் இருந்த வீட்டைப் பறிமுதல் செய்ய ஆணை போனது. அதிகாரிகள் வந்து சேருவதற்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் வீட்டு வாசலைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டதால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியில் செத்துப்போனார்கள். மூத்த மகன் விசாரணைச் சித்திரவதை தாங்காமல் தூக்கு மாட்டிக்கொண்டார். கிடைத்தது சுமார் 10,000 லியாங் தங்கமும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வெள்ளியும். பேரரசர் எதிர்பார்த்தது அதைவிட எவ்வளவோ அதிகம்.

இதில் நாட்டுக்கு நேர்ந்த நஷ்டம் என்னவென்றால், ஜாங்கை வெறுத்த வேகத்தில் அவருடைய வேலைகளும் தூக்கி எறியப்பட்டன. கெடு தேதிப் பதிவேடு போயிற்று. அவர் ஆதரித்த தளபதி சீ ஜிகுவாங், வடக்கு எல்லையைக் கட்டிக்காத்தவர், தெற்கே மாற்றப்பட்டு, பிறகு பதவியும் போய், 1588 தொடக்கத்தில் வறுமையில் இறந்தார்.

ஆனாலும் அந்தச் சமயத்தில் வான்லி ஒதுங்கிப் போகவில்லை. 1585இல் கடும் வறட்சி வந்தபோது பல்லக்கு வேண்டாம் என்று அரண்மனையிலிருந்து வான் கோயிலுக்கு நடந்தே போய் மழைக்கு வேண்டிவிட்டு நடந்தே திரும்பினார், பெய்ஜிங் மக்கள் தெருவில் நின்று தங்கள் பேரரசரைக் கண்ணால் பார்த்தார்கள். இந்த மனிதர்தான் சில வருஷத்தில் அரண்மனையைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தினார்.

மூத்தவனா, பிரியப்பட்டவளின் மகனா

1582இல் மூத்த மகன் சாங்லுவோ பிறந்தான், தாய் வாங் என்ற பணிப்பெண். வான்லிக்கு அவளிடம் எந்த ஒட்டுதலும் இல்லை. 1586இல் ஜெங் என்ற துணைவிக்கு சாங்ஷுன் பிறந்தான், ஜெங் மேல் அவருக்கு உயிர். பிள்ளை பிறந்ததும் அவளுக்குப் பட்டத்தரசிக்கு அடுத்த நிலை கொடுத்தார், மூத்தவனைப் பெற்றவளுக்கு ஒன்றும் இல்லை. அதிகாரிகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பட்டத்தரசிக்கு மகன் இல்லாவிட்டால் மூத்த மகனே வாரிசு என்பது ஹோங்வூ போட்ட விதி, அதை மீற விடமாட்டோம் என்று மனு மேல் மனு போட ஆரம்பித்தார்கள். இந்தச் சண்டை 15 வருஷம் ஓடியது. வான்லி எழுதியவர்களைப் பதவி இறக்கினார், சிலரைத் தடியால் அடிக்கவைத்தார், தலைமைப் பெருஞ்செயலர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதவியை விட்டுப் போனார்கள்.

ஒருநாள் தாய் கேட்டார், ஏன் இன்னும் வாரிசை அறிவிக்கவில்லை என்று. "அவன் பணிப்பெண்ணுக்குப் பிறந்தவன்" என்றார் வான்லி. லீயும் பணிப்பெண்ணாக அரண்மனைக்கு வந்தவர்தான். "நீயும் பணிப்பெண்ணுக்குப் பிறந்தவன்தான்" என்று அவர் கோபப்பட, வான்லி அப்படியே காலில் விழுந்தார்.

1590 புத்தாண்டு நாளில் நடந்த சந்திப்பு ஒன்று விவரமாகப் பதிவாகியிருக்கிறது, இந்த விவகாரம் முழுக்க அதில் தெரிகிறது. சில நாள் முன்பு லுவோ யூரென் என்ற சிறு அதிகாரி ஒரு மனு போட்டிருந்தார்: பேரரசரின் நோய்க்குக் காரணம் குடி, காமம், பேராசை, கோபம் என்ற நான்கும்தான், மருந்தால் தீராது. வான்லி தலைமைப் பெருஞ்செயலர் ஷென் ஷிஷிங்கையும் மற்ற மூன்று பேரையும் உள்ளே வரச்சொன்னார். அந்த மனுவைக் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தார். குடிக்கிறேன் என்கிறான், யார்தான் குடிக்கவில்லை? ஜெங்கிடம் பிரியமாக இருக்கிறேன் என்கிறான், அவள்தானே என்னைக் கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறாள். பணத்தாசை என்கிறான், நாடே என்னுடையது, நான் எதற்கு ஆசைப்பட வேண்டும்? கோபம் என்கிறான், உங்கள் வீட்டு வேலைக்காரர் தப்பு செய்தால் நீங்கள் தண்டிப்பதில்லையா?

26 வயதுப் பேரரசர், நாட்டையே ஆள்பவர், ஒரு சிறு அதிகாரி எழுதியதற்கு இப்படி வரிக்கு வரி தன்னைத் தற்காத்துப் பேசுகிறார். எனக்கு இதைப் படிக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது, யாராவது அவரை ஒரு மனிதராகப் பார்த்து நடுநிலையாகப் பேசியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஷென் தந்திரமான ஆள். இவனைத் தண்டித்தால் மனுவில் இருப்பது ஊரெல்லாம் பரவும், உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் சத்தமில்லாமல் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்றார். அப்படியே ஆயிற்று. அன்றைக்கு எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் பிடிக்காத மனுவுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதே வசதி என்ற பாடம் பேரரசருக்கு இன்னும் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அதே சந்திப்பின் முடிவில் இரண்டு பையன்களையும் அழைத்து வரச்சொன்னார். மூத்தவனைத் தன் கையால் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். இவ்வளவு நல்ல மாணிக்கம் இருக்கும்போது சீக்கிரம் பட்டை தீட்டக்கூடாதா, படிக்கவைக்கக்கூடாதா என்று ஷென் கெஞ்சினார். சரி என்று தலையாட்டினார் வான்லி. பையனுக்குப் பாடம் தொடங்கியது 1594இல். வாரிசாக அறிவித்தது 1601இல்.

மூத்தவனின் தாய் வாங் 1611இல் இறக்கும் தறுவாயில் இருந்தபோது, பட்டத்து இளவரசர் பார்க்கப் போனார். கதவு பூட்டிக் கிடந்தது, பூட்டை உடைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. அவருக்குக் கண் தெரியவில்லை. மகனின் உடையைத் தடவிப் பார்த்து, பிள்ளை இவ்வளவு வளர்ந்துவிட்டான், இனி செத்தாலும் குறையில்லை என்று அழுதார்.

காலி நாற்காலிகள்

வாரிசுச் சண்டையில் வான்லி தோற்றார் என்றுதான் சொல்ல வேண்டும். தோற்றதற்கு அவர் எடுத்துக்கொண்ட பழிவாங்கல்தான் அரசைச் சாய்த்தது. காலை அரசவை 1580களின் கடைசியிலேயே நின்றுவிட்டது. அதிகாரிகளை மொத்தமாகச் சந்தித்தது அதற்கப்புறம் 1615இல், அதுவும் ஒருவன் தடியோடு இளவரசரின் மாளிகைக்குள் புகுந்த பரபரப்பில்தான். 1601இல் பெய்ஜிங் வந்த பாதிரியார் மத்தேயோ ரிச்சி காலி சிம்மாசனத்தின் முன் விழுந்து வணங்கிவிட்டுத் திரும்பினார். அவர் கொண்டுவந்த மணியடிக்கும் கடிகாரத்தில் பேரரசருக்குக் கொள்ளை ஆசை, இந்த வெளிநாட்டுக்காரர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கவும் ஆசை. ஆனாலும் நேரில் வரவில்லை, ஓவியரை அனுப்பி அவர்களை வரைந்து கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்.

அவர் வராததுகூடப் பரவாயில்லை. பணி நியமன மனுக்களை அப்படியே கிடப்பில் போட்டதுதான் பெரிய கேடு. ஒரு இடம் காலியானால் யாரைப் போடலாம் என்று பணியாளர் அமைச்சகம் பெயர் அனுப்பும், பதில் வராது. 1602இல் எடுத்த கணக்கில் 25 மாவட்டங்களுக்கு ஆட்சியர் இல்லை, மாகாண மேலதிகாரிகளில் 66 இடம் காலி, தலைநகரங்களில் அமைச்சர், துணை அமைச்சர் இடங்கள் பல காலி. கண்காணிப்பு அதிகாரிகள் இடம்தான் மிக அதிகம், 94. தன்னைக் கேள்வி கேட்பவர்கள் அவர்கள்தான் என்பதால் அதை நிரப்ப அவருக்கு மனமே வரவில்லை. சிறை அலுவலகத்தில் அதிகாரி இல்லாததால் விசாரணையே நடக்காமல் கைதிகள் வருஷக்கணக்கில் கிடந்து செத்தார்கள், அவர்களுடைய குடும்பத்தினர் சாங்ஆன் வாசலில் கூடி ஓலமிட்டார்கள்.

போகிறேன் என்றாலும் விடமாட்டார். பெருஞ்செயலர் லி டிங்ஜி பதவி விலகக் கேட்டு 120க்கும் மேற்பட்ட மனு எழுதினார், ஒன்றுக்கும் அனுமதி இல்லை. குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பாழடைந்த கோயில் ஒன்றில் வருஷக்கணக்கில் தங்கியிருந்து, 1612இல் அனுமதி இல்லாமலேயே கிளம்பிப் போனார். நிதியமைச்சர் ஜாவ் ஷிசிங் மனு எழுதி எழுதிச் சலித்துப்போய் ஒரு சாதாரண வண்டியில் ஏறி ஊர்போய்ச் சேர்ந்தார். இதற்கெல்லாம் தண்டனை உண்டா என்றால் அதுவும் இல்லை. யே ஷியாங்காவ் என்ற ஒரே மனிதர் பல ஆண்டுகள் பெருஞ்செயலகத்தைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இருக்கிறவர்களாவது ஒழுங்காக இருந்தார்களா? பேரரசர் தீர்ப்பு சொல்லாத அவையில் சண்டைகள் முடிவதே இல்லை. வாரிசு விவகாரத்திலும் பதவி நியமனத்திலும் மோதிப் பதவி இழந்த கு ஷியான்செங் 1604இல் ஊஷியில் டோங்லின் கல்விக்கழகத்தைத் திரும்ப உயிர்ப்பித்தார், அதைச் சுற்றி ஒரு அணி திரண்டது, எதிரே ஊர்ப் பெயரில் வேறு அணிகள். யார் சொல்வது சரி என்பது போய் அவன் எந்த அணி என்பதே கேள்வியானது.

அண்ணகர்களின் வரி

மற்ற மனுக்கள் தூங்கிக்கொண்டிருக்க, ஒருவகை மனுவுக்கு மட்டும் அன்றைக்கே பதில் வந்தது. 1596இலும் 1597இலும் அரண்மனையின் முக்கிய மண்டபங்கள் தீயில் எரிந்தன. கட்டப் பணம் வேண்டும் என்று சொல்லி, வெள்ளிச் சுரங்கம் தோண்டவும் வணிக வரி வசூலிக்கவும் தன் அண்ணகர்களை மாகாணங்களுக்கு அனுப்பினார். அவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை, பணம் நேரே பேரரசரின் சொந்தக் கருவூலத்துக்குப் போனது. உன் வீட்டுக்கு அடியில் வெள்ளி இருக்கிறது, தோண்டட்டுமா, காசு தருகிறாயா என்று மிரட்டுவதுதான் பல இடங்களில் சுரங்க வேலை. 1597 முதல் 1605 வரை சுமார் 30 லட்சம் லியாங் உள்ளே வந்தது, வழியில் அண்ணகர்களும் அடியாட்களும் சுருட்டியது அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும் என்பதே அன்றைய அதிகாரிகளின் புகார்.

லின்சிங்கில் 1599இல் மக்கள் அலுவலகத்தைக் கொளுத்தி அண்ணகரின் ஆட்கள் 37 பேரைக் கொன்றார்கள். சுஜோவில் 1601இல் நெசவாளர்கள் எழுந்தார்கள். ஊசாங்கில் சென் ஃபெங் என்ற அண்ணகரின் ஆட்களை யாங்சி ஆற்றில் தூக்கிப் போட்டார்கள், அவர் உள்ளூர் இளவரசரின் மாளிகையில் ஒளிந்துகொண்டார். யுன்னானில் 1606இல் யாங் ரோங் என்ற அண்ணகரைக் கொன்று எரித்தார்கள், கூட 200க்கும் மேற்பட்ட ஆட்களும் மாண்டார்கள். அந்தச் செய்தி கேட்டு வான்லி சில நாள் சாப்பிடவில்லை. மனுக்களில் வரிசையாகச் சொல்லப்பட்ட மக்களின் சாவுக்கு அவர் சாப்பாட்டை நிறுத்தியதாக எங்கேயும் பதிவில்லை.

1602 தொடக்கத்தில் இது எல்லாம் முடிந்துபோக ஒரு வாய்ப்பு வந்தது. வான்லி கடும் நோயில் விழுந்தார், செத்துவிடுவோம் என்றே நினைத்தார். தலைமைப் பெருஞ்செயலர் ஷென் யிகுவானை அழைத்து, தாயும் பிள்ளைகளும் சுற்றி இருக்க, இளவரசரை அவர் கையில் ஒப்படைத்தார். சுரங்க வரியை நிறுத்துங்கள், மண்டபம் கட்டத்தான் அதைச் செய்தேன், அண்ணகர்களைத் திரும்ப அழையுங்கள், சிறையில் இருப்பவர்களை விடுங்கள் என்றார். நள்ளிரவில் ஆணை வெளியே வந்தது. மறுநாள் உடம்பு தேறிவிட்டது. உடனே அந்த ஆணையைத் திரும்ப வாங்கி வரச்சொல்லி அண்ணகர்களை அனுப்பினார், ஒருவர் பின் ஒருவராக 20 பேர். அவர்கள் நெற்றியில் ரத்தம் வருமளவுக்குத் தரையில் மோதிக் கெஞ்ச, ஷென் பயந்துபோய்க் கொடுத்துவிட்டார். அரண்மனைக்குள் டியான் யி என்ற அண்ணகர், பேரரசர் வாக்கை மீறக்கூடாது என்று எதிர்த்து நின்றார். வான்லி கத்தியை எடுக்கப்போகும் அளவுக்குக் கோபப்பட்டும் அவர் விடவில்லை. பிறகு டியான் யி ஷென்னைப் பார்த்தபோது முகத்தில் துப்பாத குறையாகக் கேட்டார்: இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தால் சுரங்க வரி ஒழிந்திருக்குமே, ஏன் இவ்வளவு பயம்? சுரங்க வரி விவகாரத்தில் நான் மனதாரக் கும்பிடுவது இந்த ஒரு அண்ணகரைத்தான்.

லியாவ்டோங்

இந்த வரிக்காரர்களில் நாட்டுக்கு மிகப் பெரிய சேதம் செய்தவர் காவ் ஹுவாய். 1599 முதல் 1608 வரை வடகிழக்கு எல்லையான லியாவ்டோங்கில் இருந்தார். அங்கே சுரண்ட வணிகர்கள் குறைவு, படைவீரர்கள்தான் அதிகம். லியாவ்டோங் மக்களின் மூளையையும் எலும்பு மஜ்ஜையையும் உறிஞ்சிவிட்டார் என்று ஒரு கண்காணிப்பு அதிகாரி எழுதினார். 1608இல் வீரர்களே கலகம் செய்து அவரை விரட்டினார்கள். அந்த 9 ஆண்டுகளில், எல்லைக்கு அந்தப் பக்கம் நூர்ஹாசி ஜுர்சன் குலங்களை ஒவ்வொன்றாக ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கத்திலிருந்து ஓடிப்போனவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

1616இல் நூர்ஹாசி தனி அரசை அறிவித்தார், பின்னால் சிங் வம்சமாக மாறியது அதுதான். 1618இல் மிங் எல்லை ஊரான ஃபூஷுனைப் பிடித்தார். இப்போது அவசரமாகப் படை திரட்ட வேண்டும், பணம் இல்லை. நிதியமைச்சகத்தின் கஜானா வறண்டு கிடந்தது, பேரரசரின் சொந்தக் கருவூலம் நிரம்பிக் கிடந்தது. அதைத் திறக்கச் சொல்லி மனு மேல் மனு. கேட்டதில் சொற்பம்தான் கிடைத்தது. அதற்குப் பதில் நாடு முழுக்க நிலவரியைக் கூட்டினார்கள், 1618இலிருந்து மூன்று முறை, கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 52 லட்சம் லியாங் கூடுதல். செலவு ஏறிக்கொண்டே போகிறதே என்ற பதற்றத்தில் தளபதி யாங் ஹாவை சீக்கிரம் புறப்படு என்று தலைநகரிலிருந்து நெருக்கினார்கள். 1619இல் நான்கு படைப்பிரிவுகள் தனித்தனிப் பாதையில் போயின, நூர்ஹாசி தன் முழுப் பலத்தோடு ஒவ்வொன்றாக அடித்தார். சார்ஹூவில் 45,000க்கும் மேற்பட்ட மிங் வீரர்கள் செத்தார்கள், டு சோங், லியு டிங் போன்ற பெரிய தளபதிகளும் அதில் போனார்கள்.

அதற்கப்புறமும் அவர் வெளியே வரவில்லை. அதிகாரிகள் கூட்டமாக அரண்மனை வாசலில் சாயங்காலம் வரை முழங்காலிட்டார்கள், உடம்பு சரியில்லை, போய்விட்டு வாருங்கள் என்று உள்ளிருந்து ஆள் வந்தது. முதிய அமைச்சர் ஜாவ் ஹுவான் எழுதியது இது: நாளை எதிரி வாசலில் வந்து தட்டும்போதும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட முடியுமா?

1620 ஆகஸ்டில் வான்லி இறந்தார். மகன் பதவிக்கு வந்தவுடனே சுரங்க வரியை நிறுத்தினார், சொந்தக் கருவூலத்திலிருந்து எல்லைப் படைகளுக்கு முதலில் 10 லட்சம், அடுத்து இன்னொரு 10 லட்சம் லியாங் அனுப்பினார். பணம் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

இவர் மட்டும்தான் காரணமா

நியாயமான எதிர்வாதங்கள் உண்டு, அவற்றைத் தள்ளிவிட முடியாது. வான்லி காலத்தில் மூன்று பெரிய போர்கள் வெற்றியாக முடிந்தன: நிங்ஷியா கலகம், கொரியாவில் ஜப்பானியப் படையெடுப்பு, போஜோ கலகம். கொரியாவுக்கு மட்டும் 70 லட்சம் லியாங்குக்கு மேல் செலவு, அந்த முடிவுகளை அவர் சோம்பிக் கிடந்து எடுக்கவில்லை. வணிகம் செழித்தது, ஜப்பானிலிருந்தும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் வெள்ளி கொட்டியது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அரசுத் தேர்வும் தவறாமல் நடந்தது. 1630களின் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் 1620இல் இறந்தவர் பொறுப்பாக முடியாது. அவருக்கு நோய் இருந்ததும் உண்மை, 1950களில் கல்லறையைத் திறந்து எலும்பைப் பார்த்தவர்கள் ஒரு கால் குட்டை என்று கண்டார்கள். அதிகாரிகளும் புனிதர்கள் இல்லை, பேரரசரைத் திட்டி அடி வாங்குவதையே புகழுக்கு வழியாக வைத்திருந்தவர்கள் அதில் இருந்தார்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் பஞ்சம் எல்லா வம்சத்துக்கும் வந்தது, எல்லையில் எதிரி எல்லாருக்கும் இருந்தான். அதைச் சமாளிக்கத் தேவை சேமிப்பும் நல்ல அதிகாரிகளும் தகுதியான வாரிசும். மூன்றையும் குலைத்தது வான்லியின் மனக்கசப்பும் கஞ்சத்தனமும்தான். வாரிசு விஷயத்தைப் பாருங்கள். மகன் பட்டமேறி ஒரே மாதத்தில் இறந்துவிட்டார். பேரன் தியான்சிக்கு 14 வயது, மகன் மேல் இருந்த வெறுப்பில் பேரனின் படிப்பையும் தாத்தா கண்டுகொள்ளவில்லை. அந்தப் பையன் தச்சு வேலையில் மூழ்கிக் கிடக்க, வெய் ஜோங்ஷியான் என்ற அண்ணகர் ஆட்சியைப் பிடித்து டோங்லின்காரர்களைச் சிறையில் அடித்துக் கொன்றார். 1627இல் சோங்ஜென் வந்தபோது அவர் கையில் கிடைத்தது இந்த அவைதான்.

பிரிய மகன் சாங்ஷுன் என்ன ஆனார் என்று சொல்லாமல் முடிக்க முடியாது. ஃபூ இளவரசர் என்ற பட்டம், கல்யாணத்துக்கு 3 லட்சம் லியாங், லோயாங்கில் 2.8 லட்சத்தில் மாளிகை. நிலம் மட்டும் 20 லட்சம் மூ, அதாவது சுமார் 3 லட்சம் ஏக்கர் ஒதுக்கச் சொன்னார்கள், ஹெனானில் போதாமல் பக்கத்து மாகாணங்களிலும் பிடுங்கினார்கள். 1614இல்தான் ஒருவழியாக லோயாங்குக்குக் கிளம்பினார். 1641இல் லீ ஸிசெங் அந்த ஊரை நெருங்கியபோது ஹெனான் பசியில் செத்துக்கொண்டிருந்தது. நாட்டை உறிஞ்சி இந்த இளவரசரைக் கொழுக்கவைத்தார்கள், அவருக்காக நாங்கள் பட்டினியோடு சாகவேண்டுமா என்று வழியில் போன படைவீரர்களே பேசினார்கள். முன்னாள் அமைச்சர் லூ வெய்சி போய்க் கருவூலத்தைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினார், கேட்கவில்லை. காவல் வீரர்களே கலகம் செய்து கதவைத் திறந்துவிட்டார்கள், இளவரசர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

மகன் யோசோங் தப்பித்தார். 1644இல் பெய்ஜிங் போனதும், தெற்கே நாஞ்ஜிங்கில் அடுத்த பேரரசர் யார் என்ற பேச்சு வந்தது. முறைப்படி மிக நெருக்கமான வாரிசு யோசோங்தான். ஆனால் இவர் ஜெங்கின் பேரன், பாட்டிக்காகப் பழிவாங்குவார் என்று டோங்லின் பக்கத்தவர்கள் அஞ்சி, வான்லியின் தம்பி மகனைக் கொண்டுவரப் பார்த்தார்கள். மா ஷியிங் என்ற அதிகாரி படைத்தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு யோசோங்கை உட்காரவைத்தார். சிங் படை தெற்கே இறங்கிக்கொண்டிருக்க, அந்த அவை யார் எந்த அணி என்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது. 1645 வசந்தத்தில் மேற்கிலிருந்த தளபதி சுவோ லியாங்யூ மா ஷியிங்கை ஒழிப்பதாகச் சொல்லி நாஞ்ஜிங் மீதே படையெடுக்க, அவரைத் தடுக்க வடக்கு எல்லையிலிருந்து வீரர்களை இழுத்தார்கள். ஜூனில் நாஞ்ஜிங் சண்டையில்லாமல் சரணடைந்தது. 1586இல் ஒரு குழந்தை பிறந்தபோது தொடங்கிய தகராறு அது, 59 வருஷம் ஓடியிருக்கிறது.